போத்தலும் மூடியும் திகதியும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் கனடாக் கிளை ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி உங்கள் குடும்ப வைத்தியர்கள் வேண்டிய அளவு சொல்லியிருப்பார்கள். நீங்களும் வேண்டிய அளவு கேட்காமல் விட்டிருப்பீர்கள். ஆகவே இன்று குசினிப் போத்தல்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறோம். சிரிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் இந்தப் போத்தல்களால் ஒரு பெரிய சண்டையே நடந்தது. அதைச் சொன்னால் உங்களில் சிலர் இன்றிரவே அலுமாரியைத் திறந்து பார்ப்பீர்கள்.

எங்கள் வீட்டில் 'நாங்கள்' என்றால் மூன்று பேர். அம்மா, மூத்த மகள், இளைய மகள். மூவரும் இந்தக் கல்லூரியின் பிள்ளைகள். அம்மா அறுபதுகளில் படித்தவர். நாங்கள் இருவரும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் படித்தவர்கள்.

மனையியல் அறையை நினைத்துப் பாருங்கள். சுவரோடு ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் வரிசையாக மாங்காய்ச் சட்னி, விளாம்பழ ஜாம், தேசிக்காய் ஊறுகாய். ஒவ்வொரு போத்தலிலும் ஒரு சிறு வெள்ளைத் துண்டு. அதில் மூன்று விடயங்கள் இருக்க வேண்டும்: உள்ளே என்ன, என்று செய்தது, யார் செய்தது. ஜாம் எவ்வளவு அழகாக உறைந்திருந்தாலும் துண்டு ஒட்டாத போத்தலுக்கு எங்கள் ஆசிரியை புள்ளி போடவே மாட்டார். "பேரில்லாத போத்தல் அநாதைப் பிள்ளை" என்பார். அந்த வயதில் அது எங்களுக்கு ஒரு பகிடியாகத்தான் இருந்தது.

பிறகு 1990 வந்தது. மின்சாரம் போனது. மண்ணெண்ணெய் தங்கத்தின் விலைக்குப் போனது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு, ஒரு சிறு திரியை நிறுத்தி ஏற்றினோம். போத்தலின் கண்ணாடியே காற்றுக்கு மறைப்பு. அந்த வெளிச்சத்தில்தான் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சாதாரண தரத்துக்குப் படித்தோம். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது அம்மா எடுத்து வந்த பையில் எங்கள் சான்றிதழ்களும் இரண்டு ஜாம் போத்தல்களும் இருந்தன. ஒரு வெற்றுப் போத்தலை எறியக்கூடிய மனம் அம்மாவுக்கு அதற்குப் பிறகு வரவேயில்லை. உங்கள் வீட்டு அம்மாமாரும் அப்படித்தான் என்று எங்களுக்குத் தெரியும்.

இப்போது ஸ்காபரோவுக்கு வருவோம். தொடர்மாடியில் எங்கள் வீடு. குசினியில் ஒருவர் நின்றால் மற்றவர் வெளியே நின்று பேச வேண்டும். ஒரு செப்டெம்பர் மாதம், அதே மாடியில் வசித்த இத்தாலிய மூதாட்டி ஒருவர் அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். ஒன்ராறியோத் தோட்டத் தக்காளி புசல் கணக்கில் மலிவாக வரும் காலம். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. ஆனாலும் மாலையில் அம்மா திரும்பி வரும்போது கையில் ஆறு போத்தல் தக்காளி. மூடிகள் ஒவ்வொன்றாக "டிக்" என்று உள்ளே இழுபட்டு மூடிக்கொண்ட சத்தத்தை அம்மா ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு எங்கள் குசினி எங்களுடையதாக இருக்கவில்லை. அடுப்புக்கு மேல் தட்டில் போத்தல். குளிர்சாதனப்பெட்டிக்கு மேல் போத்தல். கழுவுதொட்டிக்குக் கீழே மூடிகள் துருப்பிடித்துக் கிடந்தன. அம்மா சேர்த்த வெற்று ஜாம் போத்தல்களை ஒருநாள் எண்ணினோம். அறுபத்து மூன்று.

அதுவரை எல்லாம் பகிடிதான். ஒரு மார்கழியில் இரவுக் கடமை முடித்து வந்தபோது, அம்மா குளிர்சாதனப்பெட்டிக்கு மேலிருந்து ஒரு போத்தலை இறக்கிக்கொண்டிருந்தார். உள்ளே தேங்காய்ப்பால் விட்ட முருங்கைக்காய்க் கறி. கடையில் முருங்கைக்காய் மலிவாகக் கிடைத்தபோது தக்காளி அடைத்த அதே முறையில், தண்ணீரில் கொதிக்க வைத்து அடைத்திருக்கிறார். வேலையால் களைத்து வரும் பிள்ளைகளுக்குச் சுடச்சுடக் கொடுக்கலாம் என்ற எண்ணம். எப்போது அடைத்தது என்று அவருக்கு நினைவில்லை. போத்தலில் துண்டும் இல்லை. மூடியின் நடுப்பகுதி மேலே புடைத்திருந்தது.

"திறக்க வேண்டாம் அம்மா" என்றோம்.

"ஏன் பிள்ளை, ஒரு சொட்டு நாக்கில வைச்சுப் பாத்தாத் தெரியும்தானே."

நாங்கள் போத்தலைக் கையிலிருந்து வாங்கிவிட்டோம். பறித்தோம் என்பதுதான் சரி. அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "சவுக்காரத் துண்டையும் எண்ணி வைச்சுப் பிழைச்ச எனக்கு, எதை எறியிறது எண்டு நீங்கள் சொல்லித் தாறியளோ?" என்று கேட்டார். இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. அந்தப் போத்தலில் நஞ்சு இருந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. திறந்து பார்க்காமலே பையில் இட்டுக் கட்டி எறிந்தோம். அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படக் கூடாது என்பதுதான் எங்கள் முதலாவது பாடம்.

இனிக் கொஞ்சம் வைத்தியம். மண்ணில் வாழும் குளோஸ்ற்றிடியம் பொட்டுலினம் என்னும் பக்றீரியாவின் வித்திகள் மரக்கறிகளில் ஒட்டியிருக்கும். 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர் அவற்றைக் கொல்லாது. காற்று இல்லாமல், புளிப்புக் குறைவாக, ஈரமாக, அறை வெப்பநிலையில் ஓர் இடம் கிடைத்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். கொதிநீரில் அடைத்த முருங்கைக்காய்ப் போத்தல் அதற்கென்றே கட்டிக்கொடுத்த வீடு. நஞ்சு இருந்தாலும் மணமோ நிறமோ மாறாமல் இருக்கலாம். மூடி புடைக்காமலும் இருக்கலாம். ஒரு சொட்டு நாக்கில் வைப்பதே ஆபத்து.

"எங்கட ஆச்சிமார் ஆயிரம் போத்தல் போட்டவை, ஒருத்தரும் சாகேல்லையே" என்று அம்மா மூன்றாம் நாள் கேட்டார். நல்ல கேள்வி. நாங்களும் யோசித்துத்தான் பதில் சொன்னோம். ஆச்சிமார் செய்தவற்றை எண்ணிப் பாருங்கள். மோர்மிளகாய், வடகம், பினாட்டு, ஒடியல், கருவாடு: இவை எல்லாம் வெயிலில் தண்ணீரை எடுத்தவை. ஊறுகாய் உப்பும் புளிப்பும். சட்னி வினாகிரியும் சீனியும். கிருமி வாழத் தேவையான தண்ணீரை ஆச்சி எடுத்துவிட்டார், அல்லது அது பொறுக்காத புளிப்பைச் சேர்த்துவிட்டார். இந்த நாட்டு முறை அப்படியல்ல. இங்கே உணவில் தண்ணீர் அப்படியே இருக்கிறது. காற்று மட்டுமே வெளியேறுகிறது. அம்மா கையில் எடுத்தது ஆச்சியின் போத்தலைத்தான். ஆனால் அதற்குள் நடப்பது வேறு வேலை. இதைச் சொன்னதும் அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப எனக்கு ஆர் இதைச் சொன்னது?" என்றார். ஒருவரும் சொல்லவில்லை. பிழை எங்களுடையது.

ஆகவே எல்லையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிஎச் அளவு 4.6 அல்லது அதற்குக் கீழ் உள்ள புளிப்பான உணவுகளை மட்டுமே கொதிநீரில் அடைக்கலாம். ஜாம், வினாகிரிச் சட்னி, பீச் போன்ற பழங்கள் இதில் அடங்கும். தக்காளி எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஒரு லீற்றர்ப் போத்தலுக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட வேண்டும். அதுவும் கடையில் போத்தலில் விற்கும் சாறு. நாங்கள் பிழியும் தேசிக்காயின் புளிப்பு காய்க்குக் காய் மாறும். மரக்கறி, இறைச்சி, மீன் ஆகியவற்றுக்கு 116 பாகை அளவு வெப்பம் வேண்டும். அதற்கென்று தனியான பெரிய அமுக்கப் பாத்திரம் இருக்கிறது. நாங்கள் பருப்பு அவிக்கும் பிரஷர் குக்கர் அதற்கு ஈடாகாது. அது கெதியாகச் சூடேறிக் கெதியாக ஆறிவிடும். தேங்காய்ப்பால் கறியை எந்தப் பாத்திரத்திலும் அடைக்க வேண்டாம். உறையவிட்டு வையுங்கள். எண்ணெயில் ஊறவைத்த உள்ளியையும் வெளியே வைக்காதீர்கள்.

சண்டை தீர்ந்த பிறகு மூவருமாக ஒரு சனிக்கிழமை முழுவதும் குசினியை ஒழுங்குபடுத்தினோம். சிறிய குசினி உள்ளவர்களுக்கு அது உதவும் என்பதால் சொல்கிறோம்.

முதலில் அறுபத்து மூன்று போத்தல்களையும் பிரித்தோம். கடை ஜாம் போத்தல்கள் மீண்டும் மீண்டும் கொதிநீரில் அடைப்பதற்கு ஏற்றவையல்ல. அவற்றில் இருபதை மிளகாய்த்தூள், மல்லி, சீரகம் போட வைத்துக்கொண்டோம். மிச்சத்தை அம்மாவே மீள்சுழற்சிப் பெட்டியில் போட்டார். இரண்டை மட்டும் தன் அறைக்குக் கொண்டுபோனார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

அடைப்பதற்கென்று வாங்கிய போத்தல்களின் வாயை விரலால் தடவிப் பார்த்தோம். சிறு வெடிப்போ உடைவோ இருந்தால் மூடி பிடிக்காது. நல்லவற்றை அவை வந்த பன்னிரண்டு போத்தல் பெட்டியிலேயே திரும்ப அடுக்கினோம். திருகு வளையங்களைத் துடைத்து ஒரு கயிற்றில் கோத்துக் கதவின் உட்புறம் தொங்கவிட்டோம். தட்டையான மூடிகள் ஒருமுறை பாவிப்பதற்கே. பாவித்தவற்றை எறிந்து, புதியவற்றை ஒரு பிஸ்கற் தகரத்தில் வாங்கிய ஆண்டை எழுதி வைத்தோம். போத்தல் தூக்கும் இடுக்கி, அகன்ற வாய்ப் புனல், அடியில் வைக்கும் கம்பித்தட்டு, காற்றுக்குமிழை விடுவிக்கும் பிளாஸ்ரிக் குச்சி எல்லாம் பெரிய பானைக்குள்ளேயே இருக்கும். பானையை இறக்கினால் எதையும் தேட வேண்டியதில்லை.

நிரம்பிய போத்தல்களை அடுப்புக்கு மேலும் குளிர்சாதனப்பெட்டிக்கு மேலும் வைக்கவே கூடாது. அங்கே சூடு. கழுவுதொட்டிக்குக் கீழே ஈரம். 10 முதல் 21 பாகை வரையான, வெளிச்சம் படாத இடம் வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஓர் இடம் கட்டிலுக்குக் கீழேதான் இருந்தது. பெட்டியோடு ஒரே அடுக்காகத் தள்ளி வைத்தோம். திருகு வளையத்தைக் கழற்றிவிட்டே வைப்போம். மூடி இளகினால் உடனே தெரியும். மேலிருந்து பார்ப்பதால் பெயரும் திகதியும் மூடியின் மேலே. பழையது முன்னுக்கு, புதியது பின்னுக்கு. ஓர் ஆண்டுக்குள் முடித்துவிடுவோம். அலுமாரிக் கதவில் ஒரு தாள். ஒன்றை எடுத்தால் ஒரு கோடு வெட்ட வேண்டும். இப்போது ஆண்டுக்கு இருபத்து நான்கு போத்தலுக்கு மேல் அடைப்பதில்லை. எங்களால் உண்ண முடிந்தது அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்திலும் கொழும்புத் தொடர்மாடிகளிலும் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு சொல். அங்கே வீட்டுக்குள் 30 பாகை சாதாரணம். ஆகவே குறைவாகச் செய்யுங்கள், கெதியாக முடியுங்கள், திறந்ததைக் குளிரில் வையுங்கள்.

கடைசியாக ஒன்றை எல்லோரும் நினைவில் வையுங்கள். வீட்டில் அடைத்த உணவை உண்டு சில மணித்தியாலங்களிலோ சில நாட்களிலோ கண் இரண்டு இரண்டாகத் தெரிந்தால், இமை தொங்கினால், பேச்சுக் குழறினால், வாய் உலர்ந்தால், விழுங்கக் கடினமாக இருந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வயதானவர்களுக்கு இது பாரிசவாதம் போலத் தோன்றும். காய்ச்சல் பொதுவாக இராது. அறிவு தெளிவாகவே இருக்கும். ஆனால் தளர்ச்சி மேலிருந்து கீழே இறங்கிச் சுவாசத்தைப் பிடிக்கும். நச்செதிர் மருந்து இருக்கிறது. கெதியாகக் கொடுத்தால்தான் பயன். என்ன உண்டீர்கள் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். "அம்மா செய்ததைக் குறை சொல்வதா" என்று வாய் திறக்காமல் இருக்க வேண்டாம்.

அன்பானவர்களே, எங்கள் தாய்மார் பஞ்சத்தையும் போரையும் போத்தல்களோடு கடந்தவர்கள். எறி என்று கட்டளையிட்டால் அவர்கள் மனம் நோகும். ஏன் எறிய வேண்டும் என்று பக்கத்தில் இருந்து சொன்னால் எங்களை விட நன்றாகச் செய்வார்கள். நாங்கள் அதை இரண்டு நாள் பேச்சில்லாமல் இருந்து கற்றோம். நீங்கள் இன்றிரவே ஒரு தொலைபேசி அழைப்பில் செய்துவிடலாம்.

எங்கள் அம்மா மூன்றாவது வரிசையில் இருக்கிறார். வாசல் மேசையில் கல்லூரி நிதிக்காக அவர் செய்த மாங்காய்ச் சட்னி இருபது போத்தல் இருக்கிறது. ஒவ்வொரு மூடியிலும் உள்ளே என்ன, என்று செய்தது, யார் செய்தது என்று எழுதியிருக்கிறார். மனையியல் ஆசிரியை இன்று இருந்திருந்தால் முழுப் புள்ளியும் போட்டிருப்பார். துண்டைப் பார்த்து வாங்குங்கள்.

எங்களுக்கு எழுத்தையும் ஒழுங்கையும் தந்த கல்லூரி அன்னை நீடூழி வாழ்க.