கல்வராயன்: ஏட்டில் ஏறாத மலைநாடு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கள்ளக்குறிச்சியின் வயல்வெளியில் நின்று மேற்குத் திசையை நோக்குவார்க்கு வானத்தின் விளிம்பில் நீலநிறத்து நெடுஞ்சுவர் ஒன்று தோன்றும். அதுவே கல்வராயன் மலை. மழை வருமா வராதா என்று அம்மலையின் தலையைப் பார்த்துச் சொல்லும் உழவர் இவ்வட்டாரத்தில் பலர். எனினும் அம்மலையில் ஏறி, அங்கு வாழும் மக்களின் முற்றத்தில் அமர்ந்து, அவர்தம் கதையைக் கேட்டறிந்தோர் சிலரே. நாள்தோறும் கண்ணில் படும் மலையைத் 'தொலைவான மலை' என்று சொல்லும் வழக்கம் எவ்வாறு வந்தது என்பதே இவ்வுரையின் பொருள்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. வடபகுதியைச் சின்னக் கல்வராயன் என்றும், உயரம் மிகுந்த தென்பகுதியைப் பெரிய கல்வராயன் என்றும் வழங்குவர். அரசுக் கணக்கில் இம்மலை ஒரே மாவட்டத்தில் அடங்குவதன்று. வெள்ளிமலை, கரியாலூர் முதலிய ஊர்கள் கள்ளக்குறிச்சியைச் சேர்ந்தவை. கருமந்துறை முதலியன சேலத்தைச் சேர்ந்தவை. மலைமக்களுக்கோ அது ஒரே நாடு.

சமவெளி இம்மலைக்குப் பட்டிருக்கும் கடன் சிறிதன்று. கோமுகியும் மணிமுக்தாவும் அங்கே பிறந்து இறங்கி வருபவை. கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணையில் தேங்கும் நீரே கீழே நெல்லாகவும் கரும்பாகவும் விளைகிறது. தோல் பதனிடவும் மருந்துக்கும் பயன்படும் கடுக்காய், தேன், புளி, பலா என மலை தந்தவை பல. மலையிலிருந்து இறங்கி வந்தவற்றுக்குக் கணக்கில்லை. மலைக்கு ஏறிச் சென்றவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பழந்தமிழ்ப் புலவர்க்கு மலை தொலைவாக இருந்ததில்லை. கல்வராயனுக்கும் சவ்வாது மலைக்கும் இடையே உள்ள கணவாய்ப் பகுதியே செங்கம். அச்செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடியதே பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம். 583 அடிகள் கொண்ட அப்பாட்டில் அரசனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்லப்படுகிறது. அந்த வழியில் முதலில் வருவது அரண்மனை அன்று, மலை. மலையில் எழும் ஓசைகளையும், மலைவாழ் குடியினர் வழிப்போக்கரை வரவேற்று ஊட்டும் பண்பையும் புலவர் அடுக்கிக்கொண்டே செல்கிறார். பாட்டின் பெயரே மலையின் ஓசையால் அமைந்தது. மலையைக் காது கொடுத்துக் கேட்டவர் பாடிய பாட்டு அது. அந்தக் கேட்கும் வழக்கம் இடையில் எங்கோ நின்றுபோயிற்று.

இம்மலையில் வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என மயங்குதல் கூடாது. மலையில் வாழ்வோர் என்பதே பொருள். அவர்கள் பேசுவது தமிழ். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மலையாளிகள் உள்ளனர். தமிழகப் பழங்குடியினருள் பெருந்தொகையினர் இவர்களே. காஞ்சிபுரத்தை விட்டு நீங்கிய கரிராமன் என்னும் தெய்வத்தைத் தொடர்ந்து அண்ணன் தம்பியர் மூவர் புறப்பட்டு வந்தனர் என்றும், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் அம்மூவரும் ஆளுக்கொரு மலையில் ஏறிக் குடியமர்ந்தனர் என்றும் அவர்களிடையே ஒரு மரபுக் கதை உண்டு. வரலாற்றாசிரியர் இதற்குச் சான்று கேட்கலாம். கவிஞர் கேட்க வேண்டியது வேறு: தாங்கள் சமவெளியிலிருந்து வந்தவர்கள் என்பதை ஒரு மக்கள் கூட்டம் இத்தனை தலைமுறையாக மறவாமல் சொல்லிவர, சமவெளி மட்டும் அவர்களை எப்படி மறந்தது?

மறதிக்கு ஓர் ஆட்சிமுறை காரணமாயிற்று. விசயநகரப் பேரரசர் கிருட்டிணதேவராயர் காலத்திலிருந்து இம்மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் ஜாகீர்தார்களின் ஆளுகைக்கு உட்பட்டது என்பது வழிவழி வரும் செய்தி. விசயநகரம் வீழ்ந்தது, நவாபு வந்தார், வெள்ளையர் வந்தனர், மலைமேல் ஜாகீர் மட்டும் அசையவில்லை. மலைமக்கள் ஜாகீர்தாருக்கு வரி செலுத்தினர். அவர் நிலத்தில் கூலியின்றி உழைத்தனர். 1947-இல் நாடு விடுதலை பெற்றது. 1948-இல் சமவெளியின் சமீன்தாரி முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. கல்வராயனில் ஜாகீர் முறை முடிவுற்று அரசின் நேரடி ஆளுகை ஏற்பட்டது 1976-இல்தான். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே ஆண்டில் என்பது நினைக்கத்தக்கது. கீழே விடுதலையின் வெள்ளிவிழாவைக் கொண்டாடி முடித்துவிட்டிருந்தனர். மேலே அப்போதுதான் அரசு என்னும் ஒன்று ஏறி வந்தது.

வந்த அரசும் முழுமையாக வந்துவிடவில்லை. மலைமக்களுக்கு வாக்குரிமை கிட்டியதே 1996-இல்தான் என்று பின்னாளில் உயர் நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டது. மேலும், ஜாகீர் போன இடத்தில் காடு என்னும் எல்லைக்கோடு வந்தது. தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்த புனத்துக்கு உரியவரிடம் தாள் இல்லை. பழைய ஆட்சியில் நிலத்துக்குச் சான்று உழைத்த கையே. புதிய ஆட்சி பட்டாவைக் கேட்டது. 2006-இல் வன உரிமைச் சட்டம் இயற்றப்பட்டபோது நம்பிக்கை பிறந்தது. ஆயினும் நீதிமன்ற வழக்குகளால் தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா வழங்குவது பல்லாண்டு தடைப்பட்டது. கேழ்வரகு விளைந்த சரிவுகள் பலவற்றில் இன்று மரவள்ளி நிற்கிறது. உண்ணும் பயிர் போய் விற்கும் பயிர் வந்தது; விற்கும் பயிருக்கு விலை சொல்பவர் கீழே இருக்கிறார்.

இன்றைய வாழ்வில் மாறுதலே இல்லை என்று சொல்வது பிழையாகும். வெள்ளிமலைக்குப் பேருந்து செல்கிறது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. மலையிற் பிறந்த பிள்ளைகள் கல்லூரிப் படியை மிதித்து, ஆசிரியராகவும் செவிலியராகவும் திரும்பி வருகின்றனர். கோடைவிழா நடைபெறுகிறது, அருவி காணவும் கரியாலூர் ஏரியில் படகு செலுத்தவும் சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதன் பின் கல்வராயன் மலைக்கென ஒரு வட்டமும் அமைந்தது. ஆனால், பெருவழியை விட்டு விலகிய சிற்றூர்களுக்குச் சாலை இன்னும் முழுமையாகச் சென்று சேரவில்லை. நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கும் செய்தி நாளிதழில் வரும்போதெல்லாம் சமவெளி ஒரு நாள் வருந்துகிறது, மறுநாள் மறக்கிறது.

பிழைப்பைத் தேடி மலை இறங்குவோர் பலர். காப்பித் தோட்டத்துக்கும், மிளகுத் தோட்டத்துக்கும், திருப்பூர்ப் பின்னலாடைக்கும் குடும்பத்தோடு செல்வோர் உண்டு. தரகர் காட்டும் முன்பணத்துக்கு மயங்கி ஆந்திரக் காட்டுக்குச் செம்மரம் வெட்டச் சென்றோரும் உண்டு. 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து தொழிலாளர்களின் உடல்கள் மிதந்தன. அவர்கள் சேலம் மாவட்டக் கல்வராயன் பகுதியினர். கோடரி பிடித்த கையைப் பற்றி ஏடுகள் எழுதின. அந்தக் கை கோடரியைப் பிடிக்க நேர்ந்தது ஏன் என்று எழுதியவர் சிலரே.

அடுத்து வந்தது 2024 சூன் மாதம். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. அந்த நாள்களின் ஓலம் இவ்வூராருக்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. அத்துயரத்தின் நடுவே கல்வராயன் என்னும் பெயர் மீண்டும் மீண்டும் ஒலித்தது. மலையில் சாராயம் காய்ச்சப்பட்டதும், வறுமையால் சிலர் அதில் இறங்கியதும் மறைக்க வேண்டிய செய்திகள் அல்ல. ஆனால் கருணாபுரத்தில் உயிர் குடித்தது தொழிற்சாலைகளுக்குரிய மெத்தனால். அது மலைப்பானையில் ஊறியதன்று. பழியின் நிழல் மட்டும் மலைமேல் விழுந்தது. அதன் பின்னர், மலைமக்களின் வாழ்நிலையை மேம்படுத்துவது குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், பள்ளி, வேலைவாய்ப்பு பற்றி அரசை வினவியது. மலையின் ஜாகீர் வரலாறும் வாக்குரிமை வரலாறும் நாடறியப் பேசப்பட்டது அப்போதுதான். அறுபதுக்கும் மேற்பட்டோர் சமவெளியில் சாகும்வரை, மலையில் வாழ்வோரைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

இவற்றையெல்லாம் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகும். கல்வராயன் ஏட்டில் ஏறவே இல்லை என்பதன்று. வரிக்கணக்கில் ஏறியது, காட்டு எல்லைக் கணக்கில் ஏறியது, குற்றப் பதிவேட்டில் ஏறியது. 1906-இல் பிரான்சிசு எழுதிய தென்னார்க்காடு மாவட்டச் சுவடியிலும், 1909-இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளிலும் மலையாளிகளைப் பற்றிய குறிப்புகள் உண்டு. ஆள வந்தவர்கள் ஆளப்படுவோரைப் பற்றி எழுதிய எழுத்து அது. வாழ்வு என்னும் ஏட்டில், மலைமக்களின் சொந்தச் சொல்லில், மலை இன்னும் ஏறவில்லை. விதைக்கும்போதும் அறுக்கும்போதும் பாடும் பாட்டு, தெய்வத்தை அழைக்கும் சொல், பயிருக்கும் பறவைக்கும் ஓடைக்கும் அவர்கள் இட்டிருக்கும் பெயர், கூலியின்றி உழைத்த நாள்களைப் பற்றிய முதியவர் நினைவு ஆகியன அனைத்தும் வாய்மொழியாகவே நிற்கின்றன. 1976-இல் இளைஞராக இருந்து ஜாகீர் ஆட்சியின் முடிவைக் கண்டவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். அவர்கள் போன பின் கேட்பதற்கு எவரும் இருக்கமாட்டார்.

அரசு செய்ய வேண்டியவை பல. நீதிமன்றம் அவற்றைக் கேட்டிருக்கிறது. இலக்கியவாதிகள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதை எந்த நீதிமன்றமும் ஆணையிட முடியாது. மலையை நீலநிற உவமையாகப் பாடுவதை நிறுத்திவிட்டு, மலை ஏறிச் சென்று கேட்க வேண்டும். கேட்டதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். எழுதியதை முதலில் அவர்களிடமே படித்துக் காட்ட வேண்டும். உறைவிடப் பள்ளியில் பயிலும் மலைப்பிள்ளைகளுள் எழுதும் கை உடையோரைக் கண்டறிந்து, இதுபோன்ற மேடையின் கீழ்வரிசையில் அன்று, மேடையிலேயே அமர்த்த வேண்டும்.

பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை வாசித்து வரும் ஓர் இலக்கிய வட்டத்துக்கு இது இயலாத செயலன்று. கச்சிராயபாளையம் வழியே வெள்ளிமலைக்குச் செல்லும் பேருந்தில் இடம் உண்டு. அடுத்த ஆண்டு விழாவில் இதே மேடையில் நின்று கல்வராயனைப் பற்றிப் பேசுபவர், அம்மலையிலேயே பிறந்த ஒருவராக இருக்கட்டும். அதுவே பத்தாம் ஆண்டு மலரின் பயன்.