இரண்டு வாசல்களுக்கு நடுவே

(திருப்புட்குழியில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



வருகைப் பதிவேட்டிலிருந்தே தொடங்குகிறேன். தறி வீட்டுப் பிள்ளைகள் சிலர் மாதத்தில் நாலைந்து நாள் விட்டுவிட்டு வரமாட்டார்கள். கேட்டால் ‘உடம்பு சரியில்லை’ என்பார்கள். கோர்வைப் புடவை நெய்ய, நெய்பவருக்குப் பக்கத்தில் கரை நாடா வீச இன்னோர் ஆள் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பல வீடுகளில் அந்த ஆள் அம்மாதான். அப்பா குடித்துவிட்டுச் சண்டை போட்டு, அம்மா தாய்வீடு போய்விட்டால், அந்த இடத்தில் உட்காருவது நம் வகுப்புப் பிள்ளை.

எனக்குத் தெரிந்த ஒன்பதாம் வகுப்பு மாணவியின் தந்தைக்குப் பல மாதங்களாகத் தூக்கமில்லை. தூங்குவதற்காகக் குடித்தார். குடும்பத்தார் ஒரு போதை மீட்பு மையத்துக்கு அழைத்துப் போனார்கள். “இவருக்கு மனநோய் இருக்கிறது, இங்கே பார்க்க முடியாது” என்றார்கள். மனநல மருத்துவர் ஒருவரிடம் போனால், “முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்” என்றார். பேருந்துச் செலவும் இழந்த கூலியும்தான் மிச்சம்.

தூக்கத்துக்காகக் குடிக்கும் குடியே தூக்கத்தைக் கெடுக்கும், மனச்சோர்வையும் கூட்டும். சோர்வு கூடினால் மறுபடி குடி. ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தால், விட்டுவைத்த மற்றொன்று அதைத் திரும்ப அழைத்து வந்துவிடும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பொருளால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்றே சொல்கிறது. சட்டம் ஒரே வாசலைத் திறந்துவிட்டது. ஆனால், 2015-16இல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, குடிநோய் உள்ளவர்களில் 100க்கு 86 பேர் சிகிச்சை பெறவில்லை.

தூரமும் ஒரு காரணம். அதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு வழி கண்டார்கள். சென்னையில் 1980இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதனும் அவர் குழுவினரும், 1989இல் குடவாசல் பக்கத்து மஞ்சக்குடி கிராமத்திலேயே முகாம் போட்டுக் குடிநோய்க்குச் சிகிச்சை தந்தார்கள். நோயாளி ஊரைவிட்டுப் போகவில்லை. மருத்துவம் ஊருக்கு வந்தது. மனைவியும் உறவினரும் உடன் இருந்தார்கள். ‘குடிகாரன்’ என்று ஏசிய ஊரே அவரை நோயாளியாகப் பார்க்கப் பழகியது. எனக்கு இதுதான் மருந்தைவிடப் பெரிதாகப் படுகிறது.

நமக்குக் காஞ்சிபுரம் பக்கம்தான். அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். போகும்போது தூக்கம், பயம், காதில் குரல் கேட்பது, குடி எல்லாவற்றையும் ஒரே மருத்துவரிடம் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். குடியை மறைத்தாலும் மனக்கவலையை மறைத்தாலும் பாதி மருத்துவம்தான் கிடைக்கும். வர மறுத்தால், 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம். குடும்பத்தாரும் பேசலாம்.

இன்னொன்று. தினமும் அதிகம் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்தச் செய்வது ஆபத்து. இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வரலாம், உயிருக்கே கேடாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். நல்லெண்ணத்தில் செய்கிறார்கள், நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். ஜடாயு தீர்த்தத்தில் முழுக்குப் போட்டால் சரியாகும் என்பவரோடு வாதாட வேண்டாம். முழுகிவிட்டு, ஈரம் உலர்த்திக்கொண்டு அப்படியே மருத்துவமனைக்கும் போகட்டும்.

பிள்ளையிடம் எல்லார் முன்னிலையிலும் “அப்பா குடிப்பாரா?” என்று கேட்காதீர்கள். அம்மாவைத் தனியே வரச் சொல்லுங்கள். “குழந்தை சோர்வாக இருக்கிறாள், வீட்டில் யாருக்காவது தூக்கமில்லையா?” என்று கேட்டால் போதும், மற்றதை அவர்களே சொல்வார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு மாவட்ட மனநலத் திட்டக் குழுவினரை அழைக்கலாம். நெசவுக் கூலி வாங்கும் நாளாகப் பார்த்துக் கூட்டத்தை வைக்காதீர்கள். அன்று அப்பாக்கள் வரமாட்டார்கள்.