மார்சேய் வழக்கு: நாம் தவறாகப் படித்த தீர்ப்பு

 

குற்றம் சாட்டப்பட்ட ஒருவரை வேற்று நாட்டிலிருந்து முறைதவறிக் கொண்டுவந்தால், வந்த வழியை நீதிமன்றம் விசாரிக்க வேண்டுமா? தேவையில்லை என்பார்கள் நம் துறையில் பலர். வேண்டும் என்பது என் கட்சி. இந்த அரங்கில் இருக்கும் நண்பர்கள் சிலரோடு இது நெடுநாள் வழக்கு. அவர்கள் தவறாமல் காட்டும் சான்று சாவர்க்கர் வழக்கு. அதையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த புரட்சியாளர் சாவர்க்கர் 1910 மார்ச்சில் லண்டன் விக்டோரியா ரயில் நிலையத்தில் கைதானார். தப்பியோடிய குற்றவாளிகள் சட்டம், 1881-இன்படி அவரை மோரியா என்ற கப்பலில் பம்பாய்க்கு அனுப்பினார்கள். ஒரே பேரரசுக்குள் நடந்த மாற்றம். ஒப்படைப்பு ஒப்பந்தத்துக்கு அங்கே வேலையில்லை. ஜூலை 8 காலை, கப்பல் மார்சேய்த் துறைமுகத்தில் நின்றபோது, கழிவறைச் சாளரம் வழியாகக் குதித்து நீந்திக் கரையேறினார். அவரைப் பிடித்தவர் பிரெஞ்சுக் காவலர். கப்பலிலிருந்து ஓடிவந்தவர்கள் கைகொடுக்க, சில நிமிடங்களில் மீண்டும் கப்பலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நீதிபதி பார்க்கவில்லை, மனு இல்லை, ஆணை இல்லை.

பிரான்ஸ் அவரைத் திருப்பிக் கேட்டது. அக்டோபரில் இரு அரசுகளும் வழக்கை தி ஹேக் நிரந்தர நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்ப இசைந்தன. நடுவர்கள் ஐவர், தலைவர் பெல்ஜியத்தின் பேர்னார்ட். 1911 பிப்ரவரி 24-இல் தீர்ப்பு: திருப்பி அனுப்பும் கடமை பிரிட்டனுக்கு இல்லை.

நண்பர்கள் இந்த வரியோடு நின்றுவிடுகிறார்கள். காரணங்களைப் படியுங்கள். கைதி வருவதை பிரிட்டன் முன்கூட்டியே தெரிவித்திருந்தது. அவர் தப்பாமல் பார்த்துக்கொள்ள பிரெஞ்சுக் காவல்துறை இசைந்திருந்தது. பிடித்தவர் நல்லெண்ணத்தோடு செய்தார். மோசடியோ வன்முறையோ இல்லை. இத்தனையும் சொல்லிவிட்டு, முறைகேடு நடந்தது என்பதையும் நடுவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆக, இது நல்லெண்ணப் பிழையைப் பற்றிய தீர்ப்பு. ஆட்கடத்தலுக்கு இதில் அனுமதி தேடுவது வாசிப்பே அல்ல.

இன்னொன்று. வழக்கில் கட்சிக்காரர்கள் இரண்டு அரசுகள் மட்டுமே. சாவர்க்கருக்கு அங்கே குரல் இல்லை. தி ஹேக் வாய் திறக்கும் முன்பே, 1910 டிசம்பரிலும் 1911 ஜனவரியிலும், பம்பாயில் அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தாயிற்று. பிடித்த விதத்தைக் கணக்கில் எடுக்க பம்பாய் மன்றமும் மறுத்துவிட்டது. அவருடைய அரசியலை ஏற்பதும் மறுப்பதும் வேறு பேச்சு. நான் கேட்பது அந்த மனிதருக்குரிய சட்டப் பாதுகாப்பை. மார்சேயில் அவருக்குக் கிடைக்காத அடைக்கலத்தை, அவருடைய லண்டன் தோழர் வ.வே.சு. ஐயருக்கு அதே 1910-இல் புதுச்சேரியில் தந்ததும் பிரெஞ்சு ஆட்சிப்பரப்புதான்.

பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1992-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மெக்சிகோவிலிருந்து கடத்திவரப்பட்ட மருத்துவரை விசாரிக்கலாம் என்றது. 1991-இல் தென்னாப்பிரிக்காவும் 1993-இல் பிரிட்டனின் பிரபுக்கள் அவையும் எதிர்த்திசையில் போயின. நம் உச்ச நீதிமன்றம் 2022-இல் போர்ச்சுகல் ஒப்படைத்த அபு சலேமின் வழக்கில், அவரை 25 ஆண்டுக்கு மேல் சிறையில் வைப்பதில்லை என்று அந்நாட்டுக்கு இந்தியா தந்த உறுதிமொழியை மதிக்கச் சொன்னது. வந்த வழியில் தந்த வாக்கு தண்டனையைக் கட்டுப்படுத்துமானால், வழியே முறைகேடானால் மட்டும் அது பொருட்டில்லையா?

நேரம் ஆகிவிட்டது. இனி ஆய்வு செய்ய வேண்டியவை சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். புதுச்சேரி பிரெஞ்சு நிர்வாகக் கோப்புகளை ஒப்படைப்புச் சட்டக் கண்ணோட்டத்தில் படிக்க வேண்டும். ஒப்படைக்கப்பட்டவரை எந்தக் குற்றங்களுக்கு விசாரிக்கலாம் என வரையறுக்கும் 1962 ஒப்படைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, வெளிநாட்டுச் சாட்சியம் பெறும் வேண்டுகோள் கடிதங்கள் ஆகிய ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேட்டுக்குத் தாங்கும். மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: சாவர்க்கர் தீர்ப்பு சில பக்கங்கள்தான். அதை மேற்கோள் காட்டும் முன் முழுதாகப் படித்துவிடுங்கள்.