நியமனக் கடிதம் இல்லாதவர்கள்

இன்று பட்டம் வாங்கும் பிள்ளைகளே, பெங்களூரில் தமிழில் பேச எனக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். வரவேற்புரையில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளிதழ் டெஸ்கில் உட்கார்ந்து பிறர் அனுப்பிய செய்தியைத் திருத்தியே காலத்தை ஓட்டியவன் நான். அதில் பெரும்பகுதி இலங்கைச் செய்தி.

இந்த ஊரில் பத்திரிகைச் சுதந்திரம் பற்றிப் பேச வந்தவன் கௌரி லங்கேஷ் பெயரைச் சொல்லாமல் இறங்க முடியாது. 2017 செப்டம்பர் 5 இரவு, ராஜராஜேஸ்வரி நகரில் சொந்த வீட்டு வாசலில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்பா லங்கேஷ் 1980இல் தொடங்கிய பத்திரிகையின் வழியில், 2005 முதல் தன் பெயரிலேயே ஒரு வார இதழ் நடத்தினார், விளம்பரம் வாங்கமாட்டார். கடைசியாக எழுதிய தலையங்கம் பொய்ச் செய்திகளைப் பற்றியது. இதெல்லாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். கௌரியின் பெயர் பத்திரிகையின் நெற்றியிலேயே இருந்தது. அதனால் மறுநாளே நாடு தெருவில் இறங்கியது. நான் பேச வந்தது அப்படிப் பெயர் இல்லாதவர்களைப் பற்றி.

நான் திருச்சியில் படித்தபோது விடுதிக்கே ஒரு டிரான்சிஸ்டர்தான். இலங்கையில் 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இரவில் பிபிசி தமிழோசை கேட்க அதைச் சுற்றி இருபது பேர் உட்காருவோம். வார்டன் விளக்கை அணைத்துவிட்டு, எங்கள் பின்னால் நின்று அவரும் கேட்பார். பொருளாதாரம் படிக்கப் போனவன் பத்திரிகைக்கு வந்தது அந்த ரேடியோவால்தான். (பொருளாதாரத்தில் வாங்கிய மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள்.) பின்னாளில் அதே தமிழோசைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி தந்தவர் மயில்வாகனம் நிமலராஜன். 2000 அக்டோபர் 19 இரவு ஊரடங்கு நேரத்தில், வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவரை ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். சுற்றிலும் ராணுவக் காவல் இருந்த பகுதி அது.

அடுத்து திருகோணமலை. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2006 ஜனவரி 2 மாலை, கடற்கரையில் கூடியிருந்த ஐந்து தமிழ் மாணவர்கள் செத்தார்கள். உங்கள் வயதுப் பிள்ளைகள். அவர்கள் வைத்திருந்த கையெறி குண்டே வெடித்துவிட்டது என்றது படைத்தரப்பு. கொழும்பில் இருந்த எந்தப் பத்திரிகையும் அதை அப்படியே போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம். சுப்பிரமணியம் சுகிர்தராஜன் என்ற பகுதிநேர நிருபர் சவக்கிடங்குக்குப் போய்ப் படம் எடுத்தார். 'சுடர் ஒளி' நாளிதழில் அவை வந்தன. தலையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த காயம், யார் பார்த்தாலும் தெரியும்படி. கையெறி குண்டுக் கதை அங்கேயே முடிந்தது. அதே மாதம் 24ஆம் தேதி, காலையில் வேலைக்குப் போகப் புறப்பட்ட அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மாணவர் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரும் 2019இல் சாட்சியம் போதாது என்று விடுதலையானார்கள்.

பகுதிநேர நிருபர் என்றால் உங்களுக்குத் தெரியுமல்லவா? வேறு ஒரு வேலை பார்த்துக்கொண்டு செய்தியும் அனுப்புபவர். சம்பளம் கிடையாது, வந்த செய்திக்குக் கட்டணம். நியமனக் கடிதம் கிடையாது. படத்தை அச்சடிக்கலாம் என்று முடிவு செய்கிற ஆசிரியர் தலைநகரில் இருப்பார். கொன்றவர்களும் இவரும் ஒரே தெருவில் நடக்க வேண்டும்.

பிரிந்து கிடக்கும் நிலத்தில் எழுதுகிறவனிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, நீ யார் ஆள் என்பதுதான். இதில் நம் பக்கம், அவர்கள் பக்கம் என்று பிரித்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அரசையும் இந்தியப் படையையும் புலிகளையும் ஒரே கண்ணால் பார்த்து எழுதிய மருத்துவர் ராஜினி திரணகம 1989 செப்டம்பரில் யாழ்ப்பாணத் தெருவில் சுடப்பட்டார். அந்தப் பழி புலிகள் மேல்தான் விழுந்தது. தமிழ்நாட்டில் நாங்கள் பலர் அதைப் பேசத் தயங்கினோம். 2006 மே 2, உலகப் பத்திரிகைச் சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் யாழ்ப்பாணத்து 'உதயன்' நாளிதழ் அலுவலகத்துக்குள் ஆயுதக்காரர்கள் புகுந்து இருவரைக் கொன்றார்கள். மறுநாள் விழாவை யுனெஸ்கோ கொழும்பில் நடத்திக்கொண்டிருந்தது. செத்த இருவரும் செய்தி எழுதியவர்கள்கூட இல்லை.

நம் நாட்டுக்கு வருவோம். ஸ்ரீநகரில் பத்திரிகை ஆசிரியர் சுஜாத் புகாரி 2018 ஜூன் 14 அன்று அலுவலகத்தை விட்டு இறங்கி வந்து காரில் ஏறியதும் சுடப்பட்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தொலைபேசியும் இணையமும் நின்றபோது, காஷ்மீர் நிருபர்கள் அரசு ஏற்பாடு செய்த ஒரு ஹோட்டல் அறையில், விரல்விட்டு எண்ணக்கூடிய கணினிகளுக்கு முன்னால் வரிசையில் நின்று செய்தி அனுப்பினார்கள்.

எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பின் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் 180 நாடுகளில் இந்தியா 2024இல் 159ஆம் இடம், 2025இல் 151. எட்டுப் படி ஏறிவிட்டோம் என்று சிலர் மகிழ்ந்தார்கள். மாவட்ட நிருபருக்கு நோட்டீஸ் வந்தால் வக்கீல் கட்டணம் யார் தருகிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். அந்த எட்டுப் படி அதைச் சொல்லாது.

'நமது நிருபர்' என்று செய்தியின் தலையில் போடுவோம். மணல் கொள்ளை பற்றி எழுதி அடி வாங்கிய ஒருவருக்காக நான் ஒரு நிர்வாகத்திடம் போனேன். "அவர் நம் ஊழியர் இல்லையே சார்" என்றார்கள். மருத்துவச் செலவை டெஸ்கில் நாங்கள் சட்டைப் பையிலிருந்து போட்டோம்.

உங்களில் பலர் நாளை இந்த நகரத்து டெஸ்குகளில்தான் உட்காரப் போகிறீர்கள், ஏசி அறையில். வேலைக்கான நேர்காணலில், ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். சம்பளத்தைக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். கூடவே, உங்கள் தாலுகா நிருபர்களுக்கு நியமனக் கடிதம் இருக்கிறதா, வழக்கு வந்தால் நிறுவனம் ஆஜராகுமா என்றும் கேளுங்கள். வேலை கிடைக்காமல் போகலாம். கிடைத்தால், ஆபத்தான செய்தி வரும் நாளில் அனுப்பியவரைக் கூப்பிட்டு, பெயர் போடட்டுமா வேண்டாமா என்று கேட்டுவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

பதக்கம் வாங்கியவர்களுக்கும், என்னைப் போல வாங்காதவர்களுக்கும் வாழ்த்துகள். சாப்பாடு தயார் என்று கை காட்டுகிறார்கள்.