தட்டிப் பார்த்தால் தெரியும்



டில்லியில் உள்ள தமிழர்கள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டைத் தேடி வருகிறார்கள். வாழைப்பூ கிடைக்கும். முருங்கைக்காய் கிடைக்கும். நல்ல மீனும் கிடைக்கும். அங்கே தேங்காய் வாங்குகிற அம்மா என்ன செய்கிறார்? எடுத்தவுடன் பையில் போட்டுக்கொள்கிறாரா? இல்லை. காதருகே வைத்து ஆட்டுகிறார். தட்டுகிறார். உள்ளே இருப்பது சத்தத்தில் தெரிந்துவிடுகிறது.

வீட்டுத் தரையும் கொஞ்சம் அப்படித்தான். அடியில் மண் போய்விட்டால், தட்டும்போது வெறும் பானை போலக் கேட்கும்.

மண் எப்படிப் போகும்?

மார்க்கெட்டை ஒட்டி அரவிந்தர் சாலை போகிறது. அதே சாலையில் தெற்கே போனால் ஐ.ஐ.டி. மேம்பாலம் வரும். 2021 ஜூலை 31 காலையில், அந்த மேம்பாலத்தின் கீழே சாலை உள்ளே இறங்கிவிட்டது. பெரிய பள்ளம். நல்ல வேளை, யாருக்கும் காயமில்லை.

மலேசியாவில் அப்படி இல்லை. கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா சாலை என்று ஒரு கடைத்தெரு. தமிழர்கள் நிறையப் புழங்கும் இடம். 2024 ஆகஸ்ட் 23 அன்று, ஆந்திராவிலிருந்து சுற்றுலா போன ஒரு பெண் அங்கே நடைபாதையில் நடந்து போனார். காலடியில் நிலம் விட்டது. சுமார் 8 மீட்டர் ஆழம். ஒன்பது நாள் தேடினார்கள். அவர் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருந்தபோதே பக்கத்தில் இன்னொரு பள்ளம் விழுந்தது.

நகரங்களில் இதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். வயல் வரப்பில் எலி வளை விழுந்தால் என்ன ஆகும்? மேலே புல் பச்சையாக இருக்கும். உள்ளே தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டே போகும். ஒரு நாள் கால் வைத்தால் வரப்பு உட்காரும். பூமிக்குள் போகும் குடிநீர்க் குழாயோ, சாக்கடைக் குழாயோ விரிந்தால் இதே கதைதான். மேலே சிமெண்டுத் தரை மட்டும் தொங்கிக்கொண்டு நிற்கும். சரியாக மூடாத பழைய கிணறும், கழிவுத் தொட்டியும்கூட இப்படி உள்வாங்கும்.

நிலம் பல சமயம் முன்கூட்டியே சொல்லும். மழை இல்லாமலே ஓர் இடம் ஈரமாக இருக்கும். தேங்கிய தண்ணீர் திடீரென்று காணாமல் போகும். குழாயில் கலங்கல் வரும். நேற்று வரை சாத்திய கதவு இன்று சட்டத்தில் இடிக்கும். தரை வட்டமாகத் தாழும்.

சுவரில் விரிசல் கண்டவுடன் பயப்பட வேண்டாம். வெயிலில் பூச்சு வெடிப்பதும் உண்டு. ஒரு பென்சில் போதும். விரிசலின் இரு முனையிலும் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைக்க வேண்டும். பத்து நாளில் விரிசல் கோட்டைத் தாண்டினால் அது வளர்கிறது. தேதி எழுதக் கற்ற கைக்கு இதைவிட நல்ல வேலை உண்டா?

குழி விழுந்துவிட்டால் முதலில் வீட்டை விட்டு எல்லோரும் வெளியே வர வேண்டும். எட்டிப் பார்க்கவே கூடாது. விளிம்புக்கு அடியிலும் மண் இருக்காது. நம் ஊரில் குழி விழுந்தால் கூட்டம் கூடும், குழந்தைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். அதுதான் பெரிய ஆபத்து. தள்ளி நின்று கயிறு கட்டி, யாரும் வராமல் தடுக்க வேண்டும். கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைத் தொடக் கூடாது. அவசரத்துக்கு 112. டில்லியில் குழாய் உடைப்பைச் சொல்ல, ஜல் போர்டின் எண் 1916.

சிலர் செங்கல்லும் குப்பையும் கொட்டி அன்றே மூடிவிடுகிறார்கள். கசிவு நிற்காமல் மூடினால், கொட்டிய மண்ணும் போகும். முதலில் குழாயைச் சரி செய்ய வேண்டும். பிறகு பொறியாளர் பார்த்துச் சொன்னபடிதான் நிரப்ப வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர் சொந்தக்காரரிடம் வாயால் சொல்லிவிட்டு இருந்துவிடக் கூடாது. ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். என்று முதலில் பார்த்தார், எந்த இடம், எத்தனை சாண் அகலம், கோட்டைத் தாண்டிய தேதி எது. இந்த நான்கும் இருந்தால் போதும். அதே போல இன்னொரு தாள் எழுதி ஜல் போர்டு அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.