அணைக்கு மேலும் கீழும்: துருக்கியின் தென்கிழக்கும் அண்டை நாடுகளும்

ஒரு நாட்டின் அயலுறவை ஆராய்வோர் தூதரகங்களையும் படைகளையுமே பெரும்பாலும் நோக்குகிறார்கள். துருக்கியைப் பொறுத்தவரை அணைகளிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் எண்ணம். யூப்ரடீஸ், டைக்ரிஸ் ஆகிய இரண்டு ஆறுகளும் துருக்கி மலைகளில் பிறந்து சிரியாவுக்கும் ஈராக்குக்கும் இறங்குகின்றன. அவற்றை நம்பி வகுக்கப்பட்டதே தென்கிழக்கு அனத்தோலியத் திட்டம்: 22 அணைகள், 19 நீர்மின் நிலையங்கள், ஏறத்தாழ 17 லட்சம் ஹெக்டேர் பாசனம். குர்து மக்கள் செறிந்து வாழும், நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்ட ஒன்பது மாகாணங்களை மேம்படுத்துவது அதன் இலக்கு. இலக்கில் குற்றம் காண்பதற்கில்லை. கீழே வாழும் அண்டை நாட்டாரையும் கரையில் வாழும் சொந்தக் குடிமக்களையும் கலந்து பேசாமல் முடிவெடுத்ததுதான் பிழை. அந்த ஒரே பிழை எல்லைக்கு வெளியே பகையாகவும் உள்ளே மனக்கசப்பாகவும் விளைந்தது.

1987-இல் சிரியாவுடன் செய்த உடன்படிக்கையில், எல்லையில் நொடிக்கு ஆண்டுச் சராசரியாக 500 கனமீட்டருக்கு மேல் நீர் விடுவதாகத் துருக்கி ஏற்றது. ஆனால் 1990 ஜனவரியில் அத்தாதுர்க் அணையை நிரப்ப யூப்ரடீஸின் ஓட்டம் ஒரு மாதம் தடுக்கப்பட்டது. முன்னறிவிப்பும் தந்தோம், அதற்கு முன்பே கூடுதல் நீரும் விட்டோம் என்றது அங்காரா. அது உண்மைதான், ஆயினும் ஆற்றின் குழாய்த் திருகு யார் கையில் இருக்கிறது என்பதை டமாஸ்கஸும் பாக்தாதும் அன்று கண்கூடாகக் கண்டன. குர்து கிளர்ச்சித் தலைவர் அப்துல்லா ஒஜலானுக்குச் சிரியா அடைக்கலம் தந்துவந்ததற்குப் பின்னால் இந்த நீர்க்கவலையும் இருந்தது. 1998-இல் துருக்கியின் படையெடுப்பு அச்சுறுத்தலால் அவர் வெளியேற்றப்பட்டார். இரு நாடுகளுக்கும் இடையே அதானா உடன்படிக்கை பிறந்தது. அது பாதுகாப்பைப் பேசியது, நீரைப் பேசவில்லை.

உள்நாட்டுக் கணக்கும், கலந்து பேசாத அதே பிழையையே சொல்கிறது. மின்நிலையங்கள் விரைந்து எழுந்தன, வாய்க்கால்கள் பின்தங்கின. மின்சாரம் மேற்கே உள்ள தொழில் நகரங்களுக்கும் போனது. நீரோ நிலமுள்ளவனுக்கே பயன்பட்டது. பெருநிலக்கிழார்களின் பிடி தளராத ஊரில் நிலமற்ற குடும்பத்துக்கு வாய்க்கால் என்ன தரும்? ஹர்ரான் சமவெளியில் பருத்தி செழித்தது, வடிகால் போதாமல் மண்ணில் உவரும் ஏறியது. டைக்ரிஸ் கரையின் தொன்மையான ஹசன்கெய்ஃப் நகரம், பல்லாண்டு எதிர்ப்பையும் மீறி, 2020-இல் இலிசு அணை நீரில் மூழ்கியது.

வறண்ட தன் மாகாணங்களுக்குத் தண்ணீர் தர ஒரு நாட்டுக்கு உரிமை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அணைகள் வெள்ளத்தைத் தேக்கிக் கோடையில் ஓட்டத்தைச் சீராக்குவதும், சிரியாவும் ஈராக்கும் தங்கள் பாசனத்தில் நீரை வீணடித்ததும் மறுக்க முடியாதவை. ஆனால் ஓட்டம் சீராவது துருக்கி திறந்துவிடும் வரைக்கும்தான். நல்லெண்ணத்தை நம்பி எந்த உழவனும் விதைக்க முடியாது. 1997-இல் பன்னாட்டு நீர்வழிகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை எதிர்த்து வாக்களித்த மூன்றே நாடுகளுள் துருக்கியும் ஒன்று. உரிமை தன் பக்கம் என உறுதியாக நம்பும் நாடு பொதுவிதிக்கு அஞ்ச வேண்டியதில்லை.

2024 ஏப்ரலில் பாக்தாதில் துருக்கியும் ஈராக்கும் நீர் ஒத்துழைப்புக்குப் பத்தாண்டுச் சட்டகம் ஒன்றில் கையெழுத்திட்டதை வரவேற்கிறேன். ஆயினும் சிரியாவையும் சேர்த்து மூன்று நாடுகளும் இணைந்து ஒப்பமிட்ட நீர்ப்பங்கீட்டு ஒப்பந்தம் ஒன்றுகூட இன்னும் ஏற்படவில்லை. அதைச் செய்துமுடிக்கும் முதற்பொறுப்பு, மேலே இருக்கும் துருக்கிக்கே உரியது.