சீமைக் கருவேலம் என்று வெள்வேலை வெட்டிவிடாதீர்கள்



பழனியிலிருந்து தாராபுரம் பக்கம் போகும்போது கிளுவை வேலிக்குள்ளே புல்லும், குடை விரித்த மாதிரி முள்மரங்களுமாக நிலம் கிடப்பதைப் பார்த்திருப்பீங்க. பலரும் தரிசு என்று நினைத்துக்கொள்கிறார்கள். தரிசு இல்லைங்க, அது கொறங்காடு. மேய்ச்சலுக்கென்றே வளர்த்த காடு. அதில் நிற்கிற மரம்தான் வெள்வேல். சிலர் வெள்வேலான் என்பார்கள்.

தென்மேற்குப் பருவமழையை மலைகள் மறித்துக்கொள்வதால் இந்தச் சமவெளிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் முக்கியம். அந்த மழையில் கொழுக்கட்டைப்புல் கிளம்பும். வெள்வேல் இலை பொடிசு என்பதால் நிழலும் மெல்லிசு. அடியில் புல் சாகாது. கோடையில் புல் காய்ந்த பிறகு மாடும் ஆடும் உதிர்ந்த நெற்றைத் தின்று பசியாறும். காங்கேயம் மாடு இந்த மேய்ச்சலில் வளர்ந்த இனம். மரத்தின் பட்டையைத் தோல் பதனிடவும், அந்தக் காலத்தில் சாராயம் காய்ச்சவும் உரித்தார்கள். பட்டைச் சாராயம் என்ற பேரே அப்படி வந்ததுதான்!

மேலே கொடைக்கானலில் கதை தலைகீழ். தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த வாட்டில் மரம் அங்கே புல்வெளியையே மூடிவிட்டது. அதுவும் வேல மர வகைதான். மலையில் புல்லை அழித்தது வந்த மரம்; கீழே புல்லைக் காப்பது நம்ம மரம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்நியத் தாவரங்களை அகற்ற அரசு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. சீமைக் கருவேலத்தை எடுப்பது நல்ல காரியம். ஆனால் பொக்லைன் ஓட்டுகிறவருக்கு எல்லா முள்மரமும் ஒன்றுதான். அதனால் வண்டி வருவதற்கு முன்னால் நீங்களே மரத்தைப் பார்த்துவிடுங்கள்.

அடிமரம் வெளிறியிருக்கும். பூ வெண்மஞ்சளாக, சின்னச் சின்ன உருண்டையாக, கிளை நுனியில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். நெற்று ஒல்லியாக, வளைந்து, பழுப்பாக இருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ திரி மாதிரி நீளமானது. நெற்று தடித்து, மஞ்சளாகத் தொங்கும். சந்தேகம் வந்தால் அடிமரம், பூ, நெற்று மூன்றையும் போனில் படம் எடுத்து வனத்துறை அலுவலரிடம் காட்டுங்கள். வெட்ட வேண்டாத மரத்தில் சுண்ணாம்பால் ஒரு பட்டை அடித்துவிட்டால் ஓட்டுநருக்கும் குழப்பமில்லை.

புதிதாக வளர்க்க நினைப்பவர்கள் உழவன் செயலியில் மரக்கன்றுக்குப் பதிவு செய்யலாம். பட்டியலில் பெரும்பாலும் தேக்கு, வேம்பு, மகோகனி போன்றவைதான் கண்ணில் படும். வெள்வேல் கிடைக்குமா என்று வேளாண் விரிவாக்க மையத்தில் வாய்விட்டுக் கேளுங்க. கேட்கிற ஆள் இருந்தால்தானே நாற்றங்காலில் போடுவார்கள்!

கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. நெற்று தின்ற ஆடு போடும் புழுக்கையில் விதை இருக்கும். குடலைக் கடந்து வந்த விதை சீக்கிரம் முளைக்கும். பட்டியில் அந்தப் புழுக்கையை அள்ளி வைத்து, ஐப்பசி மழைக்கு முன்னால் வேலி ஓரமாகத் தூவுங்க. கன்று ஆள் உயரம் வருகிற வரை அந்தப் பக்கம் ஆட்டை விடாதீங்க.